கை பட்டதைச் சொன்ன சூசைக்கு

என் அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குத்தான் ஒரு வேலை பாக்கி. நம் பங்கு இதழில் உனக்காக ஒரு பக்கம் கேட்டேன். "நினைவஞ்சலிதானே, தாராளமா எழுதுங்க பீட்டர்" என்றார் ஃபாதர். பாவம், என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன். பருத்திப்பட்டு ஏரி இந்த வருஷம் கரை தொட்டு நிற்கிறது. நீ வேலை பார்த்த அம்பத்தூர் ஸ்னூக்கர் பார்லரில் இப்போது கம்ப்யூட்டர் கிளாஸ் நடக்கிறது. மேஜைகளை யாரோ விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உன் மகள் ரோஸி அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் வகுப்பிலேயே முதல். என் தங்கை ஸ்டெல்லா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி வேலைக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டாள். சிரிப்பதில்லை. சாப்பிடுகிறாள், அதுவரைக்கும் சரி.

இதைப் படிக்கிறவர்களுக்கு நாம் இருவரும் யார் என்று சொல்ல வேண்டும். நாம் மார்க்கர்கள். கிளப்பில் மேஜைத் துணியைத் துலக்கி, பந்து அடுக்கி, பாயிண்ட் சொல்லி, துணையில்லாமல் வரும் மெம்பரோடு நின்று ஆடுகிற ஆட்கள். மெம்பர் ஆடினால் அது பொழுதுபோக்கு. நாம் சம்பளம் வாங்குவதால் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அவர்கள் போட்டியில் நமக்கு இடமில்லை. மார்க்கர்களுக்கென்று வருஷத்துக்கு ஒரு போட்டி, அதுதான் நம் திருவிழா.

நான் ஆவடி கிளப்பில், நீ அம்பத்தூரில். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு நீ முதலில் வந்தது என்னோடு ஆட்டம் பேச. அப்புறம் வந்தது எதற்கு என்று ஸ்டெல்லாவைத்தான் கேட்க வேண்டும். எங்கள் அப்பா தூத்துக்குடிக்காரர், உன் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. "ஏலே, இவன் என்ன பாஷைலே பேசுதான்?" என்று என்னைக் கேட்பார். "மாமாவுக்கு இன்னா வோணுமாம்?" என்று நீ என்னைக் கேட்பாய். இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துத்தான் அந்தக் கல்யாணத்தை முடித்தேன்.

இப்போது எழுதக் கூசுவதை எழுத வேண்டும். மார்க்கர்கள் பந்தயம் கட்டுவோம். போட்டி நடத்துபவர்கள் தடை போட்டிருந்தார்கள், பிடிபட்டால் வேலை போகும். ஆனாலும் கட்டுவோம். யாருக்குக் கை நடுங்கும், யார் கடைசி மூன்று பந்தில் அவசரப்படுவான் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். கிளப்புக்கு எதிரில் இருந்த டீக்கடைக்காரர்தான் பணத்தை வாங்கி வைப்பார். எங்களில் கட்டாத ஆள் நீ ஒருவன். "நம்ம ஆட்டத்து மேல நாமளே கட்டுனா அப்பால ஆட்றதுக்கு இன்னா கீது மச்சான்?" என்பாய். உன்னைக் கேலி செய்வோம். நான்தான் அதிகம் கேலி செய்தேன்.

அந்த வருஷம் நீ இறுதி ஆட்டத்துக்கு வந்தாய். எதிரில் ராயபுரத்து மார்க்கர். எல்லோரும் உன் பக்கம்தான் கட்டினார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் ஏரிக்கரையில் சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டை வீங்க வைத்துக்கொண்டு வந்தாய். காலையில் நான்தான் பற்றுப் போட்டுத் துணி சுற்றிவிட்டேன்.

"ரொம்ப நோவுது மச்சான். யாராண்டயும் சொல்லாத. ஸ்டெல்லாவுக்குக்கூடத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சா அந்தக் கையை வெச்சே என்ன அடிச்சிருவான்."

"சொல்ல மாட்டேன்டா" என்றேன். சொல்லவில்லை. நேராக டீக்கடைக்குப் போய் ராயபுரத்தான் மேல் கட்டினேன்.

எனக்குக் கடன் இல்லை, வீட்டில் நோயாளி இல்லை. ஒரு பழைய ஸ்கூட்டர் மேல் ஆசை, அவ்வளவுதான். இடது கையை ஊன்றித்தான் க்யூ கோலைத் தாங்க வேண்டும். அந்தக் கை போனவன் எப்படி ஜெயிப்பான் என்று கணக்குப் போட்டேன். விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற திருட்டுப் பையன் புத்தி.

நீ என் கணக்கைப் பொய்யாக்க இருந்தாய். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டாய். நான்தான் பலகையில் பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். மேஜையில் மிச்சம் பிங்க் பந்தும் கறுப்புப் பந்தும். நீ இரண்டு பாயிண்ட் முன்னால். பிங்க் குழி வாசலிலேயே நிற்கிறது. அதை உள்ளே தள்ளினால் கோப்பை உனக்கு. ரோஸியைக்கூடப் போடச் சொல்லலாம், அப்படி ஒரு பந்து.

கறுப்புக்கு மேலாகக் கையை நீட்டிக் குனிந்தாய். உடனே நிமிர்ந்தாய். நடுவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். ராயபுரத்தான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

"ஃபவுல் சார். சட்டைக் கை கறுப்புல பட்டுச்சு" என்றாய்.

அது நம் ஆட்டத்தின் வழக்கம். நடுவர் பார்க்காத தப்பை ஆடுகிறவனே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனால் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? கறுப்பைத் தொட்டதற்கு ராயபுரத்தானுக்கு ஏழு பாயிண்ட் என் கையாலேயே போட்டேன். அவன் எழுந்து வந்து பிங்க்கைப் போட்டான். மிச்சமிருந்த கறுப்பைப் போட்டாலும் உனக்கு எட்டாது, ஆட்டம் முடிந்தது. மாப்ளே, அந்த நேரத்தில் என் மனசு துள்ளியது. கட்டினதைக்கூட மன்னித்துவிடலாம், அந்தத் துள்ளலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டே நாளில் விஷயம் வெளியே வந்தது. ராயபுரத்தான் மேல் கட்டியது நான் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். மச்சான் கையில் இருந்தது மாப்பிள்ளை காசு என்று ஊர் முடிவு கட்டியது. யாரும் பார்க்காத ஃபவுலை எவனாவது சொல்வானா என்று கேட்டார்கள். போட்டி நடத்தியவர்கள் நம்மை விசாரித்தார்கள். "சட்டை பட்டுச்சு, சொன்னேன். வேற ஒண்ணும் தெரியாது சார்" என்றாய் நீ.

நான் என்ன சொன்னேன் தெரியுமா என்று உன்னைக் கேட்க மாட்டேன். பக்கத்தில்தானே நின்றாய். "ஒருத்தர் குடுத்தாரு சார், கொண்டு போய்க் கட்டினேன். யாருன்னு கேக்காதீங்க" என்றேன். அவர்களும் கேட்கவில்லை. எல்லோர் வாயிலும் உன் பெயர் தயாராக இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அப்படிப் பிழைத்தேன். எனக்கு எச்சரிக்கை, உனக்கு ஆயுள் தடை. பார்லர் வேலையும் போனது.

உன் சட்டைக் கை ஏன் பந்தில் பட்டது என்று எனக்குத்தான் தெரியும். வீங்கிய மணிக்கட்டில், நான் சுற்றிய துணிக்கு மேல், பட்டன் போட முடியவில்லை. அதனால் கை விளிம்பு தொங்கியது. இதைச் சொல்லியிருந்தால் போதும். கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருந்தால் போதும்.

மறுநாள் மத்தியானம் ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நாம் உட்கார்ந்தோம்.

"மச்சான், என் கையி நோவு உனுக்கு மட்டுந்தான்டா தெரியும்" என்றாய்.

அறை விழும் என்று காத்திருந்தேன். "டீ ஆறுது, குடி" என்றாய். அதோடு சரி. அப்புறம் ஒரு நாளும் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை.

எஸ்டேட்டில் வாட்ச்மேன் ஆனாய். அடுத்த வருஷம் நான் ஸ்கூட்டர் வாங்கினேன். எப்படி வாங்கினாய் என்று நீ கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து பூந்தமல்லி வரை வந்தாய், வண்டி நல்லாக் கீது என்றாய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த அன்றும் அதே வண்டியில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். என் முதுகில் உன் தலை இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தால் ஒன்றைத்தான் சொல்வாள்: "பிங்க் பந்த வித்துட்டு வந்த மனுஷன்தானே நீ!" ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னாலேயே சொன்னாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு அவளிடம், "மச்சானுக்கு மொதல்ல சோறு போடு" என்றாய். ஏன்டா சொல்லவில்லை? அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று நான் ஒருவன்தான் என்று நினைத்தாயா? இல்லை, நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? அத்தனை வருஷமும் காத்திருந்தாயா?

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது கல்லறை வாசலில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, அவர் அன்னிக்குப் பணம் வாங்கினாரா? நீங்க சொன்னா நம்புறேன்" என்றாள். "அப்புறம் பேசலாம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். வாங்கினார் என்றுதான் எடுத்துக்கொண்டாள். செத்த பிறகும் உன்னை ஒருமுறை விற்றேன்.

இந்த இதழை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கொடுப்பார்கள். என் தங்கை இதை அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் போய் ரோஸியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவள் அப்பா யார், மாமா யார் என்று சொல்லிவிடுவேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். இது சத்தியம் மாப்ளே. அவளுக்கு ஒரு அண்ணன் போவான். அவள் புருஷன் அவளுக்குத் திரும்பக் கிடைப்பான்.

சனிக்கிழமை வரை ஸ்டெல்லாவுக்கு அண்ணனாக இருக்கும்,
உன் மச்சான்
பீட்டர்