பிளேன்டீ நிறத்தில் ஒரு கண்ணாடி விளக்கு

இன்று காலை பலாங்கொடை டவுனுக்கு பல்ப் வாங்கப் போனேன். இருபத்தைந்து வோட், மஞ்சள் வெளிச்சம், உள்ளே கம்பி தெரிகிற பழைய பல்ப். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அதெல்லாம் இப்ப வாறதில்ல அண்ணே. எல்.ஈ.டி. தாறேன். வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும், கரண்டும் மிச்சம்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பெட்டியில் கடைசி பல்ப் முந்தாநாள் எரிந்து போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். அதற்காக ஐம்பத்தாறு வயதில் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுவானா என்று நீ கேட்பாய். அழுதேன்.

நீ பெய்ரூத்திலிருந்து திரும்பி வந்த நாள் ஞாபகம் வருகிறது. வீட்டு வேலைக்கென்று போகும்போது நம் மகளுக்கு நான்கு வயது. நீ வந்தபோது அவளுக்குப் பதினொன்று. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து நின்றுகொண்டு உன் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். போர்வை வந்தது, சவர்க்காரம் வந்தது, டொபி வந்தது. கடைசியாக இரண்டு துவாலைக்குள் சுற்றி வைத்திருந்த ஒன்றை நீ வெளியே எடுத்தாய். தேன் நிறத்தில், உரித்த தேங்காய் அளவில் ஒரு கண்ணாடி உருண்டை. வாய்ப்பக்கம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

"வெளிம்பு ஒடஞ்சுருச்சுன்னு மேடம் குப்பையில போடச் சொன்னாங்க. நான் எடுத்து வச்சுக்கிட்டேன். இதுக்கு அடி இல்ல, வயர் இல்ல. நீங்க செஞ்சு குடுங்க."

நான் அப்போது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோரில், எலக்ட்ரீசியனுக்கு உதவியாள். தேயிலை அரைக்கிற மெஷின் மோட்டருக்கு வயர் போடத் தெரிந்த எனக்கு ஒரு விளக்குக்குப் போடுவது பெரிய வேலை இல்லை. பலாக் கட்டையைச் செதுக்கி அடி செய்தேன். வயரின் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தேன். பொழுது சாய்ந்ததும் நீ கட்டிலில் உட்கார்ந்து, விளக்கை மேசையில் வைத்து, சுவிட்சை நீயே அழுத்தினாய். காம்பராவின் கரி பிடித்த சுவர் முழுக்கத் தேன் வெளிச்சம். நீ நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஊருக்கு வந்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுவாரமே நீ பழையபடி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனாய். ஆனால் லீவு நாளில் பஸ் ஏறிவிடுவாய், என்னையும் இழுத்துக்கொண்டு. பெல்மதுளைச் சந்தியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவை உனக்கு அப்படித்தான் பழக்கம். முதல் நாள் அவர் உன்னைப் பெரிதாக மதிக்கவில்லை. ஒரு பச்சை விளக்கைத் தூக்கிக் கொடுத்து, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்றார். நீ அதை வெயிலுக்கு நேரே பிடித்தாய். விரலால் மேலிருந்து கீழ் வரைக்கும் தடவினாய்.

"இது ஊதிச் செஞ்சது இல்லீங்க நானா. அச்சுல ஊத்துனது. இங்க பாருங்க, தையல் மாதிரி ஒரு கோடு ஓடுது. புதுச் சாமான்."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் இருவது வருஷமா கட வெச்சீக்கேன் தங்கச்சி. இது எனக்குத் தெரியா."

அன்றிலிருந்து கண்ணாடி விளக்கு எது வந்தாலும் உனக்குக் காட்டாமல் அவர் விற்பதில்லை. அறுபது, எழுபது வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துத் துரைமார் தங்கள் பங்களாக்களுக்கு வாங்கிப் போட்ட விளக்குகள் அவை. வெள்ளைக்காரர்கள் போனார்கள். பின்னால் வந்தவர்கள் டியூப் லைட் மாட்டினார்கள். கண்ணாடியெல்லாம் சாமான் அறைக்குள் போய்த் தூசு குடித்துக் கிடந்து, கடைசியில் பழைய இரும்போடு இரும்பாக வெளியே வந்தது. சாதாரண லயத்துப் பெண் ஒருத்திக்கு அதன் அருமை தெரியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். பால் வெள்ளையில் ஒரு தொங்கு விளக்கு, நெளிநெளியாக வரி ஓடுகிற சாம்பல் நிறத்தில் ஒன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாய். நீ கழுவுவாய், நான் வயர் மாற்றுவேன். கண்ணாடியைப் பிடித்திருக்கிற மூன்று திருகாணிகளையும் நான் இறுக்கும்போது நீ பக்கத்திலேயே நிற்பாய். "ரொம்ப இறுக்காதீங்க. சூடு ஏறுனா கண்ணாடி விரியும். அதுக்குக் கொஞ்சம் எடம் வேணும்." நம் கல்யாணத்தில் இருந்த நல்ல நேரங்களை எண்ணச் சொன்னால் இவற்றைத்தான் சொல்வேன்.

நம் தோட்டத்துத் துரை இருந்த மேட்டுப் பங்களாவை ஹோட்டல்காரர்கள் எடுத்த வருஷம்தான் அந்தப் பிளேன்டீ விளக்கு வந்தது. பழைய சாமானையெல்லாம் அள்ளிப் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று பங்களா அப்பு சொல்லி அனுப்பினார். அங்கே சமையல் பார்த்தவர், உனக்குத் தூரத்து உறவு. நீ போய், பூனை குட்டி போட்டிருந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். காளான் மாதிரி வடிவம். தலையும் தண்டும் ஒரே கண்ணாடி. நிறம் அப்படியே பால் விடாத பிளேன்டீ. உள்பக்கம் மட்டும் வெள்ளை.

"ரெண்டு தட்டுக் கண்ணாடிங்க இது. உள்ளுக்கு வெள்ளைய ஊதி, மேல இந்த நெறத்த ஏத்தியிருக்காங்க. இந்த மாதிரி ஒண்ணு மேடம் வீட்டுல வாசல்கிட்ட இருந்துச்சு. அதேதாங்க" என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அதை ஏற்றினால் தலை பிளேன்டீச் சாயநிறத்தில் கனியும், கீழே மேசையில் மட்டும் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். மகள் அந்த வட்டத்துக்குள் புத்தகத்தை வைத்துத்தான் படித்தாள்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டம்.

அது மழைக்காலம். கூரைத் தகரம் ஓட்டை விழுந்து மகளின் புத்தகமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை, நீ கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு, கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. பழைய விளக்கு வாங்குகிற ஆள். நானாவின் கடையில் விசாரித்துக்கொண்டு நம் லயம் வரைக்கும் வந்துவிட்டான். மற்றதை ஒரு பார்வை பார்த்தான். சாயநிற விளக்கைப் பார்த்ததும் குனிந்தவன் நிமிரவில்லை. நான் கொடுத்துவிட்டேன். அவன் தந்ததில் அன்றே டவுனுக்குப் போய்த் தகரம் வாங்கி வந்து, நீ மலையிலிருந்து இறங்குவதற்குள் கூரையில் அடித்தும் முடித்தேன்.

நீ கூடையை இறக்கி வைத்தாய். மேசையைப் பார்த்தாய். விளக்கு இருந்த இடத்தில் தூசு படாமல் வட்டமாக ஒரு தடம் இருந்தது. பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாய்.

"தகரம் நல்லாருக்கு" என்றாய். போய்க் கை கால் கழுவிவிட்டு வந்து ரொட்டி சுட்டாய்.

நான்கு நாள் கழித்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நீயாகப் பேச ஆரம்பித்தாய். "மேடம் வீட்டுல பன்னெண்டு லைட்டு. ஏழு வருஷம் தொடச்சேங்க. ஒரு நாளும் சுவிட்சத் தொட்டதில்ல. அவங்க கெட்ட பொம்பள இல்ல. ஆனா லைட்டு போடுறது அவங்க. சாயந்தரமானா ஒவ்வொரு ரூமா வந்து போடுவாங்க. நான் சமையல் குசினி வாசல்ல நின்னு பாப்பேன். நம்ம வீட்டுல நான் போடணும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்லீங்க."

நான் எழுந்து வெளியே போனேன்.

மறுநாளிலிருந்து தேடினேன். வேன்காரனின் நம்பரை நானாவிடம் வாங்கிப் பேசினேன். அது அன்றைக்கே விற்றுப்போனது என்றான். ரத்தினபுரி, கேகாலை என்று எந்த வேலையாகப் போனாலும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். இரண்டு வருஷம் கழித்து அப்புதான் சொன்னார், அது மேட்டுப் பங்களாவிலேயே இருக்கிறது என்று. குப்பையென்று ஹோட்டல்காரர்கள் வெளியே போட்ட விளக்கை, பங்களாவை அழகுபடுத்த வந்தவர்கள் கொழும்பில் விலை கொடுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்வாசலில் நின்ற சிங்களப் பையன், வேலை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துப் பின்பக்கம் போகச் சொன்னான். நீ அவனோடு சிங்களத்திலேயே பேசினாய், ஒரு விளக்கைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று. அவன் உள்ளே விட்டான். அது சுவரோரத்து மேசையில் இருந்தது. நம் லயத்துப் பெண் ஒருத்தி, யூனிபோர்ம் போட்டுக்கொண்டு, அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ விளக்கைத் தொடவில்லை. அவள் கையைத்தான் பிடித்தாய்.

"தலையப் புடிச்சுத் தூக்காத புள்ள. அடியில கை குடு. ஒடஞ்சா ஒன்னயத்தான் சொல்லுவாங்க."

திரும்பி இறங்கி வரும்போது, மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று நான் சொன்னேன். நீ வேண்டாம் என்றாய். வயிறு வலிக்கிறது, கொஞ்சம் உட்காருவோம் என்று ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாய். அந்த வலியை நீ முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

கேன்சர் என்று தெரிந்தபோது வெட்டி எடுக்கிற காலம் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தாய். தினமும் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் பார்க்க விடுவார்கள். ஒருநாள் நீ கண்ணை மூடிக்கொண்டே, "இந்த டியூப் லைட்டு கண்ணக் குத்துதுங்க" என்றாய். மறுநாள் தேன் நிற விளக்கைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் நோனா பார்த்துவிட்டு, இது ஆஸ்பத்திரி, வீடு இல்லை என்று சிங்களத்தில் கண்டித்தார்.

"மிஸ், விநாடி தஹயக் விதரக்" என்றாய் நீ. சிங்களத்தில் விநாடி என்றால் நிமிஷம்; பத்தே நிமிஷம். அவர் உன் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே போய் நம் பக்கத்து டியூப் லைட்டை அணைத்தார்.

நான் சுவிட்சை உன் உள்ளங்கையில் வைத்தேன். உனக்கு அழுத்த பலம் இல்லை. உன் விரலுக்கு மேல் என் விரலை வைக்கப் போனேன். நீ தலையை ஆட்டினாய். இரண்டு கையையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நீயே அழுத்தினாய். பக்கத்துக் கட்டில் சிங்களக் கிழவி எழுந்து உட்கார்ந்து, "ஹரி லஸ்ஸனய்" என்றாள். ரொம்ப அழகு. அந்த வார்டில் நீ சிரித்தது அப்போதுதான். பத்து நிமிஷம் என்றது ஆறு மணி வரைக்கும் போனது. நர்ஸ் நோனா நம் பக்கம் வரவேயில்லை.

அந்த வெளிச்சத்தில்தான் நீ சொன்னாய். "அந்த லைட்ட நெனச்சு நீங்க வேகாதீங்க. தகரத்துக்காகத்தானே குடுத்தீங்க. புள்ள நனையக்கூடாதுன்னுதானே. எனக்குக் கோவமே இல்ல."

"ஆமா புள்ள" என்றேன்.

ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய்.

உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அந்த வேன் வருவதற்கு முன்பே, அடுத்த மாதம் தோட்டத்திலிருந்து லயம் முழுக்கப் புதுத் தகரம் போடுவார்கள் என்று ஸ்டோரில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. வேன்காரன் கேட்டதுமே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தகரம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டோரில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் என்னை "பெய்ரூத் நோனா புருஷன்" என்று, ஏதோ துரைசாணிக்குப் புருஷன் மாதிரி, கேலியாகக் கூப்பிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் அந்த விளக்கு மேசையில் இருக்கும். நான் போகாத ஊர், எனக்குத் தெரியாத உன் ஏழு வருஷம், எல்லாம் அதற்குள் இருப்பது போலத் தோன்றும். உன் முகம் அதைப் பார்க்கும்போது மாறுகிற மாதிரி என்னைப் பார்த்து மாறியதில்லை என்றுகூட நினைத்தேன். வீட்டில் அது இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் கொடுத்தேன்.

மற்ற விளக்குகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மகள் வந்தால் துடைத்து வைத்துவிட்டுப் போகிறாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

நீ மன்னித்தது, பிள்ளை நனையக்கூடாது என்று விளக்கைக் கொடுத்த ஒருவனை. அவன் நான் இல்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் முழுக்க, தினமும் ஒரு மணி நேரம் இருந்தது.