எண்ணெய் வைக்காத தலை

தாபோடி, புனே

அன்பு மருமகள் ஜான்சிக்கு,

புனே மாநகரின் முடிசூடா வேந்தனும் உன் தாய்மாமனுமாகிய இருதயராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே முக்கால் சுகம், மீதிக் காலைக் கீழே சொல்கிறேன். டப்ளின் குளிரில் நீயாவது முழுச் சுகமாக இரு. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி, பாதியில் பயந்து போன் போடாதே, முடிவு நல்லதுதான்.

போன ஞாயிறு வீடியோவில் உன் அம்மாவிடம், தலை ஏன் பரட்டையாக் கிடக்கு, எண்ணெய் வைக்கலையா என்று கேட்டாயாமே. புனேயில் எண்ணெய்ப் பஞ்சம் என்றாளாம். பொய்யில் நம் வம்சத்துக்கே நான்தான் சக்கரவர்த்தி, என் தங்கச்சி பவுனுக்கு அது வராது. உனக்குப் பார்சல் அனுப்ப முறுக்கு சுட்டபோது வாணலி சரிந்து, கொதிக்கிற எண்ணெய் அவள் வலது கையில் கொட்டிவிட்டது. உன்னிடம் வாய் திறக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாய்தானே, அதனால்தான் கடிதம்.

தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புறங்கையில் அதன் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. ரத்தம் சரியாகப் போகவில்லை, ஒட்டிய தோல் செத்தால் எல்லாம் முதலிலிருந்து, விரல் மடங்காமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆக்சிஜன் அறையில் தினம் படுக்கவைத்துப் பார்ப்போம், உத்தரவாதம் தர முடியாது என்றார். கண்ணாடிக் குழாய் போல ஒரு பெட்டி. ஆளை உள்ளே விட்டு மூடி, சுத்த ஆக்சிஜனை அழுத்தி நிரப்புவார்கள். அது ரத்தத்தோடு கலந்து, ரத்தம் குறைவாகப் போகிற இடத்துக்கும் உயிர் கொடுக்குமாம். பவுனு, உன்னைச் சந்திரனுக்கு அனுப்புறாங்க, எனக்கொரு மனை பார்த்துட்டு வா என்றேன், சிரித்தாள்.

முதல் நாள் மகாராணி என்ன செய்தாள் தெரியுமா, எண்ணெய் வைக்காமல் போனால் நாதியற்றவள் என்று நினைப்பார்களாம், இடது கையாலேயே அரை பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அந்த எண்ணெயில் நம்ம லோஹேகாவ் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு விமானம் டில்லி போய்த் திரும்பலாம். அங்கே வேலை பார்க்கிற சுனில், தேல் நை சலேகா ஆண்டி, எண்ணெய் கூடவே கூடாது என்று தடுத்துவிட்டான். அவ்வளவு ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடிக்குமாம். தீ என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, கை போனா போகுது, அந்தப் பெட்டிக்குள்ள போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வேடிக்கை பேச வரவில்லை, உலக அதிசயம். சீயக்காய் கரைத்தேன். கட்டுப் போட்ட கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, குளிக்கிற மோரியில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பிசுக்குப் போக நானே தேய்த்துவிட்டேன். அவள் தலை இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது ஜான்சி. வழுக்கைக்கு முடியைப் பத்தி என்ன தெரியும் என்று திட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு திட்டு நின்று தோள் மட்டும் குலுங்கியது. முறுக்கு பிள்ளைக்குப் போய்ச் சேரலையே அண்ணே என்றாள். மறுநாள் அவர்கள் தந்த பருத்தி உடையில் உள்ளே படுத்தாள். அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே உட்கார்ந்தேன். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொன்னான் சுனில், நானும் சேர்ந்து விழுங்கினேன்.

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கறுத்த ஓரம் இளஞ்சிவப்பாகியிருக்கிறது, தோல் பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். சுண்டுவிரல் மட்டும் இன்னும் முரண்டு பண்ணுகிறது, அது என் பக்கத்து ஜாடை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிறு பேசும்போது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, கையை அவளே காட்டட்டும், அதற்குத்தான் தினம் விரலை மடக்கிப் பழகுகிறாள். இன்னும் கொஞ்ச நாள் பெட்டிப் பயணம் பாக்கி. கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும், அப்புறம் தலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணெய் வைக்கலாமாம். எனக்குக் கழுவ மட்டும்தான் வந்தது. எண்ணெய் வைக்க நீ வா.

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் மாமன்,
இருதயராஜ்