செல்வி பெல்சி கண்ட எதிர்மின் அயனிகள்

அனுப்புநர்
பெ. சேவுகப்பெருமாள்,
முதுநிலைத் தொழில்நுட்ப அலுவலர்,
எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
குமரப்பன் அறிவியல் ஆய்வு நிலையம்,
காரைக்குடி.

பொருள்: ஆய்வு மாணவி சூ. பெல்சியை நீக்கிய ஆணையை ரத்து செய்யவும், என் மீது விசாரணை நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குளோரின் சேர்ந்த ஆவியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் மூலக்கூறுகள் உடைகின்றன. அப்போது அரிதாகவே உண்டாகும் எதிர்மின் அயனிகளைக் கண்டறிவது பெல்சியின் ஆய்வு. எலக்ட்ரான்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கூட்டமாக வந்து அயனிகளை மறைத்துவிடும். அவற்றை விலக்கவே உணர்கருவியின் முன் ஒரு சிறு காந்தம் உண்டு.

2. சென்ற ஆகஸ்டில் அவர் அந்த அயனிகளைக் கண்டார். செப்டம்பரில் வெற்றிட பம்பு பழுதானபோது காந்தத்தைக் கழற்றியவன் நான். திரும்பப் பொருத்த மறந்தேன். பத்து நாள் கழித்து நிலையத்தின் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவின் முன் அவர் செய்துகாட்டியபோது எலக்ட்ரான்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. முந்தைய அளவுகள் புனைந்தவை என்று குழு சந்தேகப்பட்டது. "காந்தம் இருக்கான்னு ஒருதடவ திறந்து பாத்துட்டுச் சொல்லுவீகளா சார்" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டார். கருவிக் கலனைத் திறந்தால் மீண்டும் வெற்றிடமாக்க ஒரு நாள் ஆகும். திறக்காமலே, இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

3. மறுவாரம் காந்தத்தை என் கருவிப் பெட்டியில் பார்த்தேன். அவரை நீக்கிய ஆணை அன்று காலைதான் வந்திருந்தது. எனக்கு ஓய்வுபெறப் பதினான்கு மாதங்கள் இருந்தன. பெட்டியை மூடிவிட்டேன்.

4. நான்கு மாதம் அப்படியே இருந்தேன். ஜனவரியில் காந்தத்தைப் பொருத்தி மூன்று நாள் அளந்தேன். குளோரின் அணுவின் 35, 37 என்ற இரு எடைகளிலும், இயற்கையில் உள்ளபடியே மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அயனிகள் வந்தன. அவருடைய குறிப்பேட்டில் இருப்பதும் அதுவே.

5. நேற்று ஞாயிறன்று சிவகங்கையில் அவர் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "எங்க அப்பாவே என்னைய நம்பல சார். இத எழுத்துல குடுப்பீகளா" என்று மட்டும் கேட்டார். அவர் தந்தை திரு. சூசைமரியான் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே ஐயா, நீக்க ஆணையை ரத்து செய்து, அயனிகளைக் கண்டது பெல்சியே என்று எழுத்துமூலம் அறிவித்து, அதன் நகலொன்றை அவர் தந்தையின் பெயருக்கு அனுப்ப வேண்டுகிறேன். எனக்குரிய தண்டனையை அதன்பின் முடிவு செய்யுங்கள். மறுப்பேதும் சொல்ல மாட்டேன்.

இணைப்பு: மூன்று நாள் அளவீட்டுத் தாள்கள்.

இடம்: காரைக்குடி
நாள்: 10.02.2025

பொய்ச் சான்று அளித்தவன்,
(ஒப்பம்)
பெ. சேவுகப்பெருமாள்