செத்தவீட்டு ரீட்

மொறிஸ்,

சோறும் மீன்கறியும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. கதவுத் திறப்பு பக்கத்து வீட்டு நோறாவிடம்.

தூசி தட்டத்தான் கிளாரினெட் பெட்டியைத் திறந்தேன், நோண்ட இல்லை. உள்ளே இருந்தது செத்தவீட்டுக்கு மட்டும் நீங்கள் ஊதுவாயில் செருகும் தடித்த நாணல் ரீட்! சத்தம் இன்னும் இருண்டு வர நுனியை நறுக்கி, அடியைத் தேய்த்து வைத்திருக்கிறீர்கள். நாவற்குடா முழுக்க விசாரித்தேன், ஒருத்தரும் சாகவில்லை. அப்போ, சுற்றிவளைப்பில் பிடிபட்ட என் தம்பி ஐவனுக்கா? ஆமிக்காரனே இன்னும் சொல்லாததை உங்களுக்கு யார் சொன்னது? ஊர்ப் புதினமெல்லாம் எனக்கு முதலில் வரும், வீட்டுப் புதினம் மட்டும் இப்படி!

முகாமுக்குப் போகிறேன். அவனுக்கு மாற்றுச் சேட்டும் எடுத்துக்கொண்டேன்.

குவெண்டலின்

பி.கு: நேற்று நோறா, "அன்ரி, அங்கிள்ற வாசிப்புக் கேக்க நெஞ்சு கரையுது" என்றாள். புகழ்கிறாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், மடைச்சி. ஏதும் தெரிந்திருந்தால் வாசித்துக் காட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.