அறுத்தவர்கள் பரிமாறட்டும்

வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியா
11 ஜூன் 2019

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

ஒரு அரசுத் துறைக்கு வெட்கம் வருமா? போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டாய். நான் பேச்சை மாற்றி, ஹாலிஃபாக்ஸில் மழையா என்று விசாரித்தேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த மீன்வளத் துறையில் சம்பளம் வாங்கியும் தெரியவில்லை.

உன் முழங்கால் இப்போது எப்படி? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கமாட்டாய். இங்கே பனி தாமதமாக உருகியதால் ஆறு இன்னும் கலங்கலாகத்தான் ஓடுகிறது. முதல் சால்மன் மீன் வந்துவிட்டது. எல்மர் மாமா மீன் உலர்த்தும் புகை வீட்டுக்குக் கூரை மாற்றுகிறார். அம்மாவின் தம்பியாயிற்றே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? எழுபத்தெட்டு வயதில் ஏணியில் ஏறாதீர்கள் என்றேன். "அப்ப உங்க துறையிலேர்ந்து ரெண்டு பேர அனுப்பு, ஏறட்டும். சும்மாதானே உக்காந்திருக்காங்க" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் மாடிக்கு மாடி, லிஃப்ட் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்குகிறது. பழங்குடி மக்களோடு நல்லிணக்கத்துக்குத் துறை தந்த உறுதிமொழி அது. அதில் பாதி வாக்கியங்கள் நான் எழுதியவை. நான்கு வருடமாகத் தூசி தட்டியதைத் தவிர அதை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. இந்த வருடம் மேலிடத்துக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. 1982-இல் துறை அதிகாரிகள் நம் ஊர்க் கரையில் வலைகளை அறுத்ததற்கு வருத்தம் தெரிவிக்கப் போகிறார்களாம். பந்தல், மேடை, ஒலிபெருக்கி, இயக்குநர் ஹார்வி லிண்ட்கிரெனின் உரை. அது முடிந்ததும் ஊர்க்காரர்கள் சமைத்துப் போடும் சால்மன் விருந்து.

அந்தத் திட்டத்தை மாமாவிடம் கொண்டுபோனது நான்தான். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகக் கேட்டார். "அதாவது, வலைய அறுத்தவங்க மேடையில உக்காருவாங்க. நாம அடுப்படியில நிப்போம். நல்லா இருக்கும்மா உங்க நல்லிணக்கம்!" என்றார். மாமி சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் முறை எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போயிருக்கிறேன்.

மறுநாள் உட்கார்ந்து இயக்குநருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். உனக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நம் சட்டப்படி தவறு செய்தவன் வீட்டார்தான் விருந்து வைக்க வேண்டும். தங்கள் கையால் சமைத்துப் பரிமாற வேண்டும். எல்லா வீட்டுத் தலைவர்களும் சாட்சியாக உட்கார்ந்திருக்க, யாருக்கு என்ன செய்தோம் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு யாரும் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது. துறையும் அப்படித்தான் செய்ய வேண்டும், முடியாதென்றால் ஊருக்குள் வரவே வேண்டாம் என்று முடித்தேன்.

விருந்தைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம், பெயர் மட்டும் முடியாது என்று துறை வழக்கறிஞர் பிரெண்டனிடமிருந்து பதில் வந்தது. அவன் திருத்திய உரையில் இப்போது 'ஒரு பெண்ணின் வலை' என்று இருக்கிறது.

ஒரு பெண்! வலை போட்டதற்காக மூன்று வாரம் அவளைச் சிறையில் பூட்டி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவள் அதற்குப் பிறகு ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. அந்த மூன்று வாரமும் பதினைந்து வயதில் நீதான் எனக்குச் சமைத்துப் போட்டாய். உருளைக்கிழங்கு, மறுபடியும் உருளைக்கிழங்கு.

அந்த 'ஒரு பெண்' யாரைப் பெற்றவள் என்று இந்த அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த குடும்பப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது. நானும் சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ மூன்று வருடம் என்னோடு பேசாமல் இருந்தாய். அதைப் பற்றி நாம் இன்றுவரை பேசியதில்லை.

நாளை பத்து மணிக்கு மாமாவும் இரண்டு தலைவர்களும் கூட்டத்துக்கு வருகிறார்கள். அம்மாவின் பெயர் இல்லாமல் இந்த விருந்து நடக்க நான் விடமாட்டேன். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வேன். வேலை போனால் போகட்டும்.

நடந்தால் அக்டோபரில் நடக்கும். அம்மா இல்லாததால், விருந்து மண்டபத்தில் அவள் இடத்தில் மூத்தவள்தான் உட்கார முடியும். பதினோரு வருடமாக நீ ஊருக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.

12 ஜூன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

துறையே விருந்து வைக்க ஹார்வி ஒப்புக்கொண்டார். ஆனால் தனக்கு முட்டை அவிக்க மட்டும்தான் தெரியும் என்றார். "அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு, கத்துக்கோங்க. உங்க சம்சாரம் செஞ்சு குடுத்தா செல்லாது" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

பெயர் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது. பெயரைப் போட்டால் நாளைக்கு அதுவே வழக்காக வரும் என்றான் பிரெண்டன். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு இதில் சம்மதமா என்றுகூட நமக்குத் தெரியாதே என்று வேறு சொன்னான்.

"சம்மதம்தான். அவங்க பேரு ஐடா சாம்ஸன். என் அம்மா" என்றேன்.

மாமா, "அப்புறம் அந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? எந்திரிச்சு இங்க வா" என்றார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹார்வி உரைத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, 'ஒரு பெண்' என்பதை அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதினார். பிரெண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "கீழ கையெழுத்துப் போடப்போறது நான்தானே, பிரெண்டன்" என்றார்.

விருந்து அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை. வெளியே வரும்போது மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூத்தவ கிட்ட சொல்லு. ஐடா எடம் காலியா கெடந்தா, அந்த ஆளு சமைச்சத ஒருத்தரையும் தொட விடமாட்டேன். அத்தனையும் வீணாப் போனா அவதான் பொறுப்பு."

சிரிக்காமல்தான் சொன்னார், அக்கா.

வழி பார்த்திருக்கும் தங்கை,
லெனோர்