ஒரே தேதியில் இரண்டு கல்யாணம்

காஞ்சிபுரம்
புரட்டாசி 9

அன்பு மகள் பிரியதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிருக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்கும்போது உன் நெஞ்சு பதறக்கூடாது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், பிறகு நானும் அழுவேன், அதனால்தான் தபால்.

நம் கல்யாண மண்டபத்து முன்பதிவுக்குத் தை மாதம் ஒரு சாப்ட்வேர் வாங்கிப் போட்டோமே, அது ஆனியிலிருந்தே கோளாறு. ஒரு தேதியில் பெயரைப் பதிந்தால் சில சமயம் அது மறுநாளில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பெனியின் உள்ளூர் ஆள் குருவுக்குத் திரையைப் படம் பிடித்துப் பதினோரு முறை அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் "அடுத்த அப்டேட்ல சரியாயிடும்மா" என்பான். கண்ணில் பட்டதையெல்லாம் நானே திருத்திக்கொண்டிருந்தேன், ஒன்று மட்டும் தப்பிவிட்டது. ஆவணி இருபதுக்குத் தாமல்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பதிந்தேன், அது இருபத்தொன்றுக்கு நழுவியிருக்கிறது. இருபது காலியென்று காட்டவும் தென்னேரிக்காரர்கள் செல்போனிலேயே அதைப் பிடித்துவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பஸ்ஸும் நாலு வேனும் ஒன்றாக வாசலில் வந்து நின்றன. இரண்டு பக்கமும் பத்திரிகையை நீட்டினார்கள், இரண்டிலும் நம் மண்டபத்தின் பெயர். அப்பா கைகூப்பிக்கொண்டு நடுவில் நின்றார். தாமல் பெண்ணின் சித்தப்பா எதிர்த்தரப்பு மணமக்களின் பெயர் எழுதிய பூப்பலகையைப் பிய்த்தெறிந்தார், அவ்வளவுதான். நாற்காலிகள் பறந்தன, வாழைமரத்தைப் பிடுங்கி அடித்தார்கள், சாம்பார்க் கரண்டியால் ஒருவன் அந்தச் சித்தப்பாவின் மண்டையைப் பிளந்தான். சந்தனத் தட்டெல்லாம் இரத்தம். அப்பாவைப் படியிலிருந்து தள்ளி விலாவில் மிதித்தார்கள். நம் எலக்ட்ரீசியன் லியாகத் அலி அண்ணன் இரண்டு மணப்பெண்களையும் மணமகள் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி வெளிப்பக்கம் முதுகைக் கொடுத்து நின்றார். இரும்புக் குழாயால் அடித்தார்கள், வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது, அப்போதும் அவர் நகரவில்லை.

அடங்கியது எப்படித் தெரியுமா, போலீஸ் வந்து அல்ல. கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண்கள் இரண்டு பேரும் கைகோத்து வெளியே வந்தார்கள். தாமல் பெண் கத்தினாள், "எங்களுக்கு விடியக்காலம் நாலரை முகூர்த்தம், இவங்களுக்கு ஏழரை. இனிமே எவனாவது கையத் தூக்கினான்னா ரெண்டு பேரும் ஸ்டேஷன்லயே தாலி கட்டிக்கினு போயிடுவோம்." அப்படியே நடந்தது. அட்சதை போட்ட கைகளில் பாதிக்குக் கட்டு.

மூன்றாம் நாள் குரு வந்தான். "சிஸ்டத்துல தப்பே இல்லமா, யூசர் மிஸ்டேக்குன்னு ஹெட் ஆபீஸ்ல எழுதிட்டாங்க" என்றான். மேஜைமேல் காகிதத்தில் துளை போடும் இரும்பு மெஷின் இருந்தது. எடுத்து அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. அவன் கீழே விழுந்த பிறகும் ஒரு தடவை அடித்தேன். அந்த இரண்டாவது அடியை நினைத்தால் எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது கண்ணு. போலீஸில் என்மேல் வழக்கு போட்டிருக்கிறார்கள்.

வக்கீல் சுகாசினியிடம் போனோம். முதலில் என்னைத்தான் திட்டினார். பிறகு சொன்னார், "எதுக்கும் நாங்க பொறுப்பில்லன்னு அவங்க எழுதி நீங்க டிக் அடிச்சிருக்கீங்க, ஆனா அது ஒருதலைப்பட்சமான நிபந்தனை, எதிர்த்துப் பேசலாம். வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்லைன்னு வாதாடுவாங்க. சொந்த உழைப்புல வயித்துப்பாட்டுக்கு நடத்துறீங்கன்னு நாம நிரூபிக்கணும். அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் உங்க மேல கேஸ் போடலாம், அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." அந்தப் பதினோரு படங்கள்தான் நம் பலமாம். நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனிமேல் மனுப் போட்டாயிற்று.

போன வாரம் கம்பெனியிலிருந்து போன். நாம் மனுவை வாபஸ் வாங்கினால் குருவின் புகாரை அவர்கள் வாபஸ் வாங்க வைப்பார்களாம். ஒத்துக்கொள் என்றார் அப்பா. ஜெயிலுக்குப் பயந்து நானும் பாதி ஒத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் குருவைப் பார்த்தேன், அடித்தது தப்பு என்று சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உங்க மெசேஜ் அத்தனையும் மேல அனுப்பினேம்மா, எதையும் சரி பண்ணாமலே முடிச்சுட்டதா போடுன்னாங்க" என்றான். அங்கிருந்து லியாகத் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பல்கீஸ் தன் புருஷனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விரல் மடங்கவில்லை. "நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரிதாம்மா" என்றார் அண்ணன்.

அன்றே கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். அடித்தது நான், அதற்கு நான் கூண்டில் நிற்கிறேன். அவர்கள் செய்ததற்கு அவர்கள் வந்து நிற்கட்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்கமாட்டேன்.

லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. ஞாயிற்றுக்கிழமை பல்கீஸுக்கு மறக்காமல் போன் செய், அவளை அழவிட்டுக் கேள், ஆறுதல் ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்கள் இருவரும் மனம் கோணாமல் நீடூழி வாழவேண்டும்.

உன் அம்மா
ரேணுகாம்பாள்