கம்பெனிக்குப் போன பெண்

ஜூன் 9, திங்கள்

கோடு நேராக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், என் பெயரின் மேல் போட்டிருந்தார்கள். போன வருடத்துப் பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேடு. பள்ளி எழுத்தர் மாரப்பன் சார் எடுத்து விரித்தார். எதிரே எழுதியிருந்தது: 'வர்ஷினி - பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றதால் நீக்கம்.'

எந்தக் கம்பெனி? ஆகஸ்டிலிருந்து ஒன்பது மாதம் பொங்கலூரில் பெரியம்மா வீட்டில் படுத்துக் கிடந்தேன். டிபி. முப்பத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டேன். மாத்திரை அட்டையைப் பார்த்தாலே குமட்டும்.

மறுபடி பத்தாவதில் சேர அப்பாவோடு போயிருந்தேன். தலைமையாசிரியை அப்பாவிடமே பேசினார், நான் அங்கே இல்லாத மாதிரி. "கம்பெனிக்குப் பழகின பொண்ணு. ஒரு மாசம் உக்காந்துட்டு மறுபடி போயிரும். எங்க ரிசல்ட்டுதான் அடி வாங்கும். தனித்தேர்வரா எழுதட்டும்."

அப்பா மூன்று முறை "ஆமாங்க டீச்சர்" என்றார். ஒரு தடவையாவது "இல்லீங்க" என்று சொல்லக் கூடாதா? எனக்கும்தான் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொன்னது அம்மாதானாம்.

"டிபின்னு தெரிஞ்சா நாளைக்கு எவுங்க ஊட்டுல உன்னையப் பொண்ணெடுப்பாங்க? கம்பெனிக்குப் போறான்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

கேட்கவில்லை! அதுதான் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் அருள்புரத்தில் ஒரு பெண் திடீரென்று வகுப்புக்கு வராமல் போனால், கம்பெனி என்று சொன்னால் போதும், முடிந்தது. ஒரு டீச்சர், ஒரே ஒருவர், வீட்டுப் பக்கம் வந்து பார்க்கவில்லை. ஸ்கேல் தேட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

அப்பா மறுபடி போய் மாரப்பன் சாரைப் பார்த்தார். உடம்புக்கு முடியவில்லை என்று சீட்டு இருந்தால் அது மெடிக்கல் லீவு, பெயரை அடித்தது செல்லாது என்றாராம். திங்கட்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும்.

அப்பா சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் சிகிச்சை அட்டையை எடுத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஒரு வருஷம் போனால் போகட்டுமாம். என் வருஷம்!

ஜூன் 13, வெள்ளி

வாசலில் பக்கத்து வீட்டு யாழினி. போன வருடம் வரை எனக்கு ஒரு வகுப்பு கீழே, இப்போது அவளும் பத்தாவது. "என்னடி, இன்னிக்கு ஓவர்டைம் இல்லையா?" என்றாள். சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூன் 15, ஞாயிறு

எடுத்துவிட்டேன். அட்டை முழுக்க விபூதி.

ஜூன் 16, திங்கள்

தனியாகப் போனேன். அட்டையை மேசைமேல் வைத்தேன். தலைமையாசிரியை படித்தார். நாற்காலியைப் பின்னால் நகர்த்தி, சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். 'சிகிச்சை முடிந்தது' என்ற முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அங்கேயே வைத்திருந்தேன், அவர் தலைப்பை இறக்கும் வரை.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேட்டிருக்கலாமில்லீங்க டீச்சர்."

என் குரலா அது? அவர் மாரப்பன் சாரைக் கூப்பிட்டு இந்த வருடப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா இன்னும் பேசவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் கட்டி வைத்திருந்தாள்.

கடைசி பெஞ்சில், யாழினி பக்கத்தில் இடம். "எந்தக் கம்பெனிடி? செக்கிங்கா, பேக்கிங்கா?"

"கம்பெனிக்குப் போகல. டிபி. இப்பச் சரியாயிருச்சு, யாருக்கும் ஒட்டாது."

முன்பெஞ்ச் திரும்பிப் பார்த்தது. யாழினி தன் பையைத் தூக்கி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கணக்கு நோட்டைத் திறந்தேன்.